திருடுபோன கிட்டார் யாருக்குச் சொந்தம்?



இந்த மாதம் ஒரு கிட்டாரின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். போதகருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் புன்னகைக்கக்கூடும். ஆனால் நம் குடும்பங்களில் பாதிக்கு மேல், கிட்டாரோ கீபோர்டோ வாசிக்கும் ஒரு மகனோ மகளோ இருக்கிறார்கள். ஊரைவிட்டு வந்த நாம் பம்பாயிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் பழைய பொருட்களை வாங்கியே குடும்பத்தை நிறுத்தியவர்கள். முதல் சைக்கிள், முதல் தையல் இயந்திரம், முதல் பீரோ எல்லாம் வேறு யாரோ வைத்திருந்து விற்றவைதான். ஆகையால் ஒரு பொருள் கை மாறிக் கை மாறி வருகையில் அதற்கு உரியவர் யார் என்ற கேள்வி நமக்குப் புதியதன்று.

நான் சொல்லவரும் கிட்டார் 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில் செய்யப்பட்டது. செய்த நிறுவனத்தின் பெயர் க்ரெட்ச். கிட்டாரின் வகை எண் 6120. புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் பெயரால் வெளியிடப்பட்ட வகை அது. உள்ளே கூடான மேப்பிள் மர உடல், இருபுறமும் ஆங்கில எஃப் எழுத்தின் வடிவில் துளைகள், நன்றாகப் பழுத்த ஆரஞ்சுப் பழத்தின் நிறம். தூரத்தில் நின்று பார்த்தாலும் இது க்ரெட்ச் என்று சொல்லிவிடலாம்.

அந்த நிறுவனத்தின் தொடக்கமும் நம்மைப் போன்ற ஒருவருடையதுதான். ஃபிரெட்ரிக் க்ரெட்ச் என்னும் ஜெர்மானிய இளைஞர் பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்தவர். 1883இல் புரூக்ளினில் ஒரு சிறிய கடை வைத்து பாஞ்சோவும் தம்புரினும் மேளமும் செய்யத் தொடங்கினார். 1895இல் ஜெர்மனிக்குச் சென்றிருந்தபோது அங்கேயே மரித்துப்போனார். அப்போது அவருடைய மகனுக்கு வயது பதினைந்து. அந்தப் பிள்ளைதான் தாயின் துணையோடு தொழிலை எடுத்து நடத்திப் பெரிய நிறுவனமாக்கினான்.

இனி நம் கிட்டாருக்கு வருவோம். கனடா நாட்டின் வின்னிபெக் நகரத்தில் 1943இல் பிறந்தவர் ராண்டி பாக்மன். இளம் வயதில் அந்த நகரத்து இசைக்கருவிக் கடையின் கண்ணாடிக்குள் நின்ற ஆரஞ்சு நிற க்ரெட்சை வெளியில் நின்று பார்த்து ஏங்குவது அவருடைய வழக்கம். அவரோடு நின்று பார்த்த மற்றொரு இளைஞர், பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற நீல் யங். விலையோ 400 டாலர். புல்வெட்டியும், கார் கழுவியும், பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும் பாக்மன் காசு சேர்த்தார். பதின்பருவத்தின் முடிவில் அந்தக் கிட்டாரைத் தமக்குச் சொந்தமாக்கிக்கொண்டார். அவர் வாங்கிய முதல் விலையுயர்ந்த பொருள் அதுவே.

அந்தக் கிட்டாரோடுதான் அவர் வளர்ந்தார். தி கெஸ் ஹூ என்னும் குழுவில் வாசித்தார். 1970இல் அக்குழுவின் பாடல் ஒன்று அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை அடைந்தது. பின்பு பாக்மன்-டர்னர் ஓவர்டிரைவ் என்னும் குழுவைத் தொடங்கினார். பணம் வந்தது, பெயர் வந்தது, வேறு கிட்டார்களும் வந்தன. ஆனாலும் பயணங்களில் அந்த க்ரெட்சைப் பிரிந்ததில்லை. ஓட்டல் அறைகளில் தங்கும்போது, பழுதான வண்டிகளை இழுக்கப் பயன்படும் கனத்த சங்கிலியால் அதைக் குளியலறையின் கழிப்பறைப் பீடத்தோடு பிணைத்துப் பூட்டுவாராம்! உடன் வந்தவர்கள் கேலி செய்திருக்கிறார்கள். ரயிலில் பெட்டியைச் சங்கிலியிட்டுப் பூட்டிவிட்டு அதன்மேல் தலைவைத்துப் படுக்கும் நமக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

1977இல் டொராண்டோ நகரத்து ஓட்டலொன்றில், அறையைக் காலி செய்யும் வேளையில், அந்தச் சங்கிலி இல்லாத சில நிமிடங்கள் வந்தன. சாமான்களைப் பொறுப்பேற்ற உதவியாளர் கிட்டாரை மற்றப் பெட்டிகளோடு அறையில் வைத்துவிட்டுக் கணக்கை முடிக்கக் கீழே சென்றார். திரும்பி வர ஐந்து நிமிடம். கிட்டார் இல்லை.

பாக்மன் மூன்று நாள் அழுததாகப் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். காவல்துறைக்குச் சொன்னார். கனடாவிலும் அமெரிக்காவிலும் பழைய இசைக்கருவி விற்கும் கடைகளுக்குச் சொல்லி வைத்தார். அதன்பின் அவர் செய்தது விசித்திரமான காரியம். தம்முடையதைப் போன்ற கிட்டாரை எங்கே கண்டாலும் வாங்கத் தொடங்கினார். ஒன்று, பத்து, நூறு என்று பெருகி, முந்நூறுக்கும் மேற்பட்ட க்ரெட்ச் கிட்டார்கள் அவரிடம் சேர்ந்தன. ஒன்றாவது தம்முடையதாயிருக்காதா என்ற எண்ணம். இல்லாவிட்டால் ஒன்றாவது அதைப்போல் ஒலிக்காதா என்ற எண்ணம். இரண்டும் நிறைவேறவில்லை. முடிவில் அந்தச் சேகரிப்பை க்ரெட்ச் நிறுவனத்தாரே வாங்கிக்கொண்டார்கள். தங்கள் பழைய கிட்டார்களை மறுபடி அதே அளவில் செய்ய அவர்களுக்கு அது தேவைப்பட்டது. ஏனெனில் அந்நிறுவனம் 1967இல் வேறொருவருக்கு விற்கப்பட்டு, தொழிற்சாலை ஆர்க்கன்சாஸ் மாநிலத்துக்கு மாற்றப்பட்டு, 1973இல் அங்கே தீ விபத்தும் நேர்ந்திருந்தது. 1980களின் நடுப்பகுதியில்தான் க்ரெட்ச் குடும்பத்தார் தங்கள் பெயரை மீண்டும் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள்.

இங்கே நீங்கள் கேட்கலாம்: கிட்டாருக்கு எண் உண்டே, அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா?

நாம் ஒரு மனை வாங்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்போம். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம். யாரிடமிருந்து யாருக்கு, எந்த நாளில், என்ன விலைக்கு என்று சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். கிட்டாருக்கு அப்படிப்பட்ட பதிவு அலுவலகம் உலகில் எங்கும் இல்லை. தொழிற்சாலை இட்ட தொடர் எண் ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியும் எளிதில் மறைந்துபோகும். பழைய க்ரெட்ச் கிட்டார்களில் எண்ணைக் காகிதச் சீட்டில் எழுதி உடலின் உட்புறம் ஒட்டினார்கள். துளை வழியாகப் பார்த்தால் தெரியும். பசை காய்ந்தால் சீட்டு உதிர்ந்துவிடும், உதிராவிட்டாலும் கிழித்தெடுக்கத் திருடனுக்கு ஒரு நிமிடம் போதும். 1950களின் கிப்சன் கிட்டார்களிலோ, கழுத்தின் தலைப்பகுதிக்குப் பின்புறம் மையால் குத்தினார்கள். அதன் முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கும். மையை அழிப்பதும் பெரிய வித்தையன்று.

ஆகவே பழைய கிட்டார்களைச் சோதிக்கிறவர்கள் வேறு சாட்சிகளைத் தேடுகிறார்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கு அடியில், வெளியே தெரியாமல், ஓர் உலோகப் பாகம் உண்டு. அதன் முதுகில் சிறிய எண்கள் குத்தப்பட்டிருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் அதைச் செய்த நிறுவனத்தைக் குறிக்கும். 137 என்றிருந்தால் சி.டி.எஸ். என்னும் நிறுவனம். பின்வருபவை ஆண்டும் வாரமும். 1375932 என்று கண்டால், 1959ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்யப்பட்ட பாகம் என்று அறியலாம். ஆனால் கவனியுங்கள்: கிட்டார் அந்த வாரத்துக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்லும். தொழிற்சாலைக்காரர்கள் பாகங்களை மொத்தமாக வாங்கி மாதக்கணக்கில் வைத்துப் பயன்படுத்தியதுண்டு. பழுதுபார்த்தவர் பின்னாளில் மாற்றியதாகவும் இருக்கலாம். அதனால் ஈயப் பற்று பழையதா புதியதா என்று பூதக்கண்ணாடியால் பார்க்கிறார்கள். புறஊதா விளக்கின்கீழ் வைத்தால் பழைய மெருகு மஞ்சளும் பச்சையும் கலந்து ஒளிரும், பின்னாளில் பூசியது வேறுவிதமாகத் தோன்றும். ஃபெண்டர் கிட்டார்களில் கழுத்தைக் கழற்றினால், உடலுக்குள் பொருந்தும் முனையில் தொழிலாளி பென்சிலால் எழுதிய தேதி பல வேளைகளில் கிடைக்கும். தம் கையெழுத்து அறுபது ஆண்டு கழித்து ஆதாரமாகும் என்று அந்தத் தொழிலாளி நினைத்திருப்பாரா?

இத்தனை சிரத்தை எதற்கென்றால், காரணம் பணம்தான். 1958 முதல் 1960 வரை கிப்சன் நிறுவனம் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரத்தில் செய்த சன்பர்ஸ்ட் நிற லெஸ் பால் கிட்டார்கள் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறுதான். அன்று விற்காமல் தேங்கியவை இன்று வீட்டு விலைக்குப் போகின்றன. அவற்றுள் 1959இல் செய்யப்பட்ட ஒன்றை 1960களின் நடுவில் பீட்டர் கிரீன் என்னும் இங்கிலாந்துக் கலைஞர் லண்டனில் பழையதாக வாங்கினார். பணத்தின்மேல் வெறுப்புற்று, தாம் தொடங்கிய ஃபிளீட்வுட் மேக் குழுவைவிட்டு 1970இல் விலகியவர் அவர். இளைஞராயிருந்த கேரி மூருக்கு அதை நூற்றுச் சொச்சம் பவுனுக்கே கொடுத்துவிட்டார். கேரி மூர் முப்பதாண்டுக்கு மேல் வைத்திருந்து 2006இல் விற்றார். இடையில் சிலர் கைக்குப் போய், 2014 முதல் மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது. அதன் பிக்கப் ஒன்றில் காந்தம் திரும்பிய திசையில் பொருத்தப்பட்டிருப்பதால் மூக்கால் பேசுவதைப் போன்ற ஓர் ஒலி வரும். அந்தக் குறையே அதற்கு அடையாளச் சான்றாகிவிட்டது. இது சங்கிலி அறுபடாத கிட்டார். இன்னார், பிறகு இன்னார் என்று விரல்விட்டு எண்ணலாம்.

பாக்மனுடைய சங்கிலியோ 1977இல் அறுந்தது. அடுத்த கண்ணி எங்கே என்று நாற்பத்துமூன்று ஆண்டுகள் யாருக்கும் தெரியாது.

2020இல் கொள்ளைநோயால் உலகமெங்கும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாட்களில், பாக்மன் தம் மகனோடு சேர்ந்து இணையத்தில் பாடல் நிகழ்ச்சிகள் நடத்தினார். தொலைந்த கிட்டாரின் கதையையும் சொன்னார். அதைக் கேட்டவர்களுள் கனடாவில் வாழும் ஒருவர், தாமே தேடிப் பார்க்கலாம் என்று முற்பட்டார். மனித முகங்களை அடையாளம் காணும் மென்பொருள் உண்டல்லவா, அதை மரத்துக்குப் பயன்படுத்தினார். பாக்மன் வாசிக்கும் பழைய படங்களில் கிட்டாரின் மேற்பரப்பில் மர ரேகைக்கிடையே ஒரு சிறு புள்ளி தென்பட்டது. மர ரேகை மனிதனின் கைரேகையைப் போன்றது. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளுக்கும் ரேகை ஒன்றாயிராது. சீட்டைக் கிழிக்கலாம், எண்ணைச் சுரண்டலாம், ஆரஞ்சு நிறத்தின் ஊடே தெரியும் ரேகையை என்ன செய்வது? இணையத்தில் கிடைத்த ஆரஞ்சு க்ரெட்ச் கிட்டார்களின் படங்களையெல்லாம் திரட்டி ஒப்பிட்டதில், இரண்டு வாரத்துக்குள் ஒன்று பொருந்தியது. தோக்கியோவில் பழைய கிட்டார் விற்கும் ஒரு கடை வெளியிட்டிருந்த படம் அது.

கிட்டார் கடையில் இல்லை, எப்போதோ விற்றாயிற்று. மீண்டும் தேடியபோது, 2019 டிசம்பரில் ஒரு ஜப்பானிய இசைக்கலைஞர் அதே கிட்டாரை வாசிக்கும் காணொளி அகப்பட்டது. அவர் பெயர் தாக்கேஷி. 2014இல் தோக்கியோ கடையில் விலைகொடுத்து வாங்கியிருந்தார். திருட்டுப் பொருள் என்று அவருக்குத் தெரியாது. அது தோக்கியோவுக்கு வந்து சேர்ந்த வழியைப் பற்றி அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பாக்மனும் தாக்கேஷியும் இணைய வழியே முகமுகமாய்ப் பேசினார்கள். பாக்மனின் குடும்ப வட்டத்தில் ஜப்பானிய மொழி அறிந்த ஒருவர் மொழிபெயர்த்தார். திரையில் அந்தக் கிட்டாரைக் கண்டவுடன் பெரியவர் அழுதுவிட்டார்.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நிறுத்திச் சிந்தியுங்கள். இப்போது கிட்டார் யாருக்குச் சொந்தம்?

திருடுபோனது பாக்மனுடையது, ஆகையால் அவருக்கே என்று உடனே சொல்லத் தோன்றும். நம் நாட்டுச் சட்டமும் பெரும்பாலும் அந்தப் பக்கமே. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 27ஆம் பிரிவு கூறுவது இதுதான்: விற்கிறவனுக்கு இல்லாத உரிமை வாங்குகிறவனுக்கு வராது. சில விதிவிலக்குகள் உண்டென்றாலும், திருடனிடம் வாங்கியவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு வாங்கினாலும், எவ்வளவு விலை கொடுத்தாலும், உரியவர் வந்து கேட்டால் கொடுக்கவேண்டியவரே. தாம் கொடுத்த பணத்துக்கு அவர் தமக்கு விற்றவனைத்தான் தேடிப் போகவேண்டும். அவன் அகப்படுவானா என்பது வேறு கேள்வி.

எல்லா நாட்டிலும் இப்படியன்று. இங்கிலாந்தில் நூற்றாண்டுகளாக ஒரு விநோத விதி இருந்தது. வழக்கமாக நடைபெறும் பகிரங்கச் சந்தையில், பகல் வெளிச்சத்தில், நல்லெண்ணத்தோடு வாங்கினால், அது திருட்டுப் பொருளாயிருந்தாலும் வாங்கியவருக்கே சொந்தம்! பகலில் பலர் காண விற்கப்படுவதைத் திருட்டுக்கொடுத்தவர் வந்து கண்டுகொள்ளலாம் என்பது பழைய நியாயம். 1994இல் சட்டம் இயற்றி அதை எடுத்துப்போட்டார்கள். நம் மும்பை வாசகர்கள் சோர் பஜார் வழியாக நடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஜப்பானியரின் குடிமைச் சட்டம் நடுவழியில் நிற்கிறது. நல்லெண்ணத்தோடும், அசட்டையில்லாமலும், வெளிப்படையாய் வாங்கியவருக்கு உரிமை வந்துவிடும் என்று 192ஆம் பிரிவு சொல்கிறது. பொருள் களவுபோனதாயிருந்தால், களவுபோன நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் உரியவர் திரும்பக் கேட்கலாம் என்பது 193. அந்த இரண்டு ஆண்டுக்குள்ளும், பொருளை அத்தகைய பொருள் விற்கும் வியாபாரியிடமோ ஏலத்திலோ வாங்கியவராயிருந்தால், அவர் கொடுத்த விலையைக் கொடுத்தே மீட்கவேண்டும் என்பது 194. பாக்மன் இழந்து நாற்பது ஆண்டுக்கு மேலாயிற்று. தாக்கேஷி வாங்கியதோ முறையான கடையில். அந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "மன்னிக்கவும் ஐயா, இது என்னுடையது" என்று அவர் சொல்லியிருந்தால், குற்றம் சாட்ட யாருக்கும் இடமிருந்திருக்காது.

இரு சட்டங்களில் எது நியாயம் என்று என்னைக் கேட்டால், எனக்கு நம்முடைய சட்டமே சரியாகத் தோன்றுகிறது. பறிகொடுத்தவன் காலம் கடந்ததினால் மட்டும் உரிமையை இழப்பது மனதுக்கு ஒப்பவில்லை. ஆனால் எட்டு ஆண்டு நேசித்து வாசித்த ஒரு நிரபராதியின் கையிலிருந்து ஒன்றும் கொடுக்காமல் பிடுங்குவதும் மனதுக்கு ஒப்பவில்லை. இருவருள் ஒருவரும் திருடனல்ல. உண்மையான திருடன் நாற்பதாண்டுக்கு முன்பே காசை எண்ணிக்கொண்டு போய்விட்டான். அவன் செய்ததற்கு இவ்விருவரில் ஒருவர் அழவேண்டியதாயிற்று.

காரியம் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. தாக்கேஷி திருப்பித் தர ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. அதற்கு ஈடாக அதைப் போன்றதோர் கிட்டார் தமக்கு வேண்டும். பணம் வேண்டாம், கிட்டார்தான் வேண்டும். ஒரு வாசிப்பவர் இன்னொரு வாசிப்பவரிடம் கேட்கக்கூடிய நேர்மையான விலை அது என்பது என் எண்ணம்.

மீண்டும் தேட்டம் தொடங்கிற்று. முந்நூறு கிட்டார் வாங்கிப் பழகியவரல்லவா, எங்கே தேடவேண்டும் என்பது பாக்மனுக்குத் தெரியும். முடிவில் 1957இல், அதே வாரத்தில், அதே தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஒன்றைக் கண்டுபிடித்தார். தொடர் எண்ணும் தம்முடையதற்கு மிக அருகில். பழுதுபார்க்கப்படாதது, எதுவும் மாற்றப்படாதது. உடன்பிறந்த சகோதரி என்று அதை அவர் அழைத்தார். நாற்பதாண்டுக் காலம் அவரை ஏமாற்றிய தொடர் எண்கள் இந்த ஒரு காரியத்தில் கைகொடுத்தன.

கொள்ளைநோயின் கட்டுப்பாடுகள் நீங்கக் காத்திருந்து, 2022 ஜூலை 1ஆம் தேதி, கனடாவின் தேசிய நாளில், தோக்கியோவிலுள்ள கனடா நாட்டுத் தூதரகத்தில் இருவரும் சந்தித்தார்கள். மேடையில் கிட்டார்கள் கை மாறின. தாம் எட்டு ஆண்டு மட்டுமே வைத்திருந்ததாகவும், அதைப் பிரிவது மிகுந்த துக்கமென்றும், ஆனால் அவர் இத்தனை ஆண்டுகள் துக்கப்பட்டுவிட்டாரே, இனி வேறொருவர் துக்கப்படும் முறை என்றும் தாக்கேஷி அன்று சொன்னார். பிறகு இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். பாக்மன் இனி அதை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதில்லை என்று அறிவித்தார். (சங்கிலி இன்னும் வைத்திருக்கிறாரோ என்னவோ!)

இதோடு ஒப்பிட மற்றொரு சம்பவமும் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஏறத்தாழ 30 பவுனுக்கு ஒரு ஹாஃப்னர் பேஸ் கிட்டார் வாங்கினார். வயலின் வடிவிலானது. அவர் இடக்கைக்காரர், இருபுறமும் ஒரே வடிவமாயிருந்தால் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாய்த் தோன்றாது என்று அதைத் தேர்ந்துகொண்டாராம். 1972 அக்டோபர் 10ஆம் தேதி இரவு, லண்டன் நாட்டிங்ஹில் பகுதியில் நிறுத்தியிருந்த வண்டியிலிருந்து அது களவுபோயிற்று. 2023 செப்டம்பரில் ஹாஃப்னர் நிறுவனத்தைச் சேர்ந்த நிக் வாஸ் என்பவரும் ஸ்காட் ஜோன்ஸ், நவோமி ஜோன்ஸ் என்னும் பத்திரிகையாளர் தம்பதியரும் சேர்ந்து பகிரங்கமாய் விசாரித்தார்கள். நூற்றுக்கணக்கானோர் எழுதினார்கள். திருடியவன் அதை அருகிலிருந்த மதுக்கடைக்காரருக்கு விற்றதும், அவர் குடும்பத்தில் அது கைமாறி, தென் இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பரணில் கிடந்ததும் வெளிப்பட்டன. அந்தக் குடும்பத்தாரே முன்வந்து ஒப்படைத்தார்கள். 2024 பிப்ரவரியில் செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 19ஆம் தேதி லண்டன் மேடையில் மெக்கார்ட்னி அதை மறுபடி வாசித்தார். இங்கே மர ரேகை தேவைப்படவில்லை. யாரோ ஒருவரின் வாய் திறந்ததே போதுமானதாயிற்று.

நம் வீட்டுக் காரியத்துக்கு வருகிறேன். உங்கள் பிள்ளையின் கிட்டார் 1957இல் செய்யப்பட்டதன்று, ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கியதாயிருக்கும். களவுபோனால் காவல் நிலையத்தில், "கறுப்பு நிறம், ஆறு கம்பி" என்பதற்கு மேல் நம்மால் சொல்ல முடிகிறதா? இன்று மாலையே அதை வெளிச்சத்தில் வைத்து முன்னும் பின்னும் கைபேசியில் படம் எடுங்கள். தொடர் எண் எங்கே இருக்கிறது என்று தேடி அதையும் எடுங்கள். தலைப்பகுதியின் பின்னால் இருக்கலாம், ஒலித்துளை வழியே தெரியும் சீட்டில் இருக்கலாம். மலிவான கருவிகளில் எண்ணே இல்லாதிருக்கவும் கூடும். அப்போது ஒரு கீறலோ மரக்கணுவோ அகப்படும், அதை நெருக்கத்தில் எடுங்கள். படங்களைக் கைபேசியில் மட்டும் வைக்காதீர்கள். கிட்டாரோடு கைபேசியும் சேர்ந்து களவுபோகலாம். ஊரிலுள்ள அண்ணனுக்கோ அக்காவுக்கோ அனுப்பி வையுங்கள். சபையின் கீபோர்டு, ஒலிபெருக்கி, மைக் முதலியவற்றின் எண்களைச் சொத்துப் பதிவேட்டில் எழுதாத சபைகள் எத்தனை என்று நான் கேட்கப்போவதில்லை.

பழையதாக வாங்கும்போதும் கவனம் வேண்டும். இணையத்தில் பாதி விலைக்கு ஒருவர் விற்கிறார், பில் தொலைந்துபோயிற்று என்கிறார், சந்திக்க ரயில் நிலைய வாசலுக்கு வரச்சொல்கிறார் என்றால், அந்த மலிவுக்குக் காரணம் என்னவென்று கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பப் போதிய காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சங்கிதையின் 317ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. 2024 ஜூலை 1 முதல் அதுவே நடைமுறையில் இருக்கும் சட்டம். பழைய தண்டனைச் சட்டத்திலும் இக்குற்றம் உண்டு. விற்பவரின் பெயர், முகவரி, தொடர் எண், விலை, தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவருடைய கையொப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையாய் விற்பவர் கையொப்பமிடத் தயங்கமாட்டார். அந்தத் தாளை கிட்டார்ப் பையில் வைக்காமல் வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். நாளை நீங்கள் அதை விற்கும்போது, வாங்குகிறவர் கையில் அதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.